பழைய தொழிலை மறந்துவிட்டு வா

பகடை உருட்டி ஆடுகிற ஒரு விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். தெரிந்த மாணவர் ஒருவர் விதிப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, ஒரே ஆளு ரெண்டு தொழில் செய்யலாமாங்கிற பக்கத்த மட்டும் படிங்க, மத்தத அப்புறம் பேசுவோம்" என்றார். படித்தேன். அதற்குப் பிறகு அது வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்கிற ஊரிலிருந்து வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். குகை, அரக்கர், புதையல் என்று போகும் கதை அது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு இனம் உண்டு: மனிதர், எல்ஃப், ட்வார்ஃப் என்று. ஒரு 'கிளாஸ்' உண்டு. இந்தக் கிளாஸ் நாம் பேசுகிற வர்க்கமல்ல. அந்தப் பாத்திரத்தின் தொழில். அதனால் தொழில் என்றே எழுதுகிறேன். 1974-ல் இருந்தவை மூன்று: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. அடுத்த ஆண்டு திருடர் சேர்ந்தார். ஆடஆட அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் தொழிலில் ஒரு படி ஏறலாம்.

இனி கேள்விக்கு வருவோம். ஒரே ஆள் வாளும் பிடித்து மந்திரமும் ஓதலாமா? யார் ஓதலாம்? என்ன விலை கொடுத்து?

1974 விதிப்படி ட்வார்ஃபுக்குப் போர்த்தொழில் ஒன்றுதான். அதிலும் ஆறாம் படியோடு நிற்க வேண்டும். எல்ஃப் இரண்டும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் இன்றைக்கு எதுவாக இருக்கப்போகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1981-ல் வந்த எளிய பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ட்வார்ஃப் என்பதே ஒரு தொழிலின் பெயர். மனிதர் மட்டும்தான் தொழிலைத் தேர்ந்தெடுப்பார். மற்றவருக்குப் பிறப்பே தொழில். இதை எந்தக் கெட்ட நோக்கத்தோடும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆட்டத்தை எளிதாக்கத்தான் எழுதினார்கள். எளிதாக்க நினைக்கிறவனுக்குப் பிறப்பையும் தொழிலையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதுதான் முதலில் தோன்றுகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

1978-ல் வந்த பெரிய விதிப்புத்தகத்தில்தான் நம் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கிறது. அது இரண்டு பதில்.

மனிதரல்லாத இனங்களுக்கு ஒரு பதில்: நீ ஒரே நேரத்தில் இரண்டு தொழில், சிலசமயம் மூன்று தொழில்கூடச் செய்யலாம். கிடைக்கிற புள்ளியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள். ஆனால் உனக்கு உச்சவரம்பு உண்டு. ட்வார்ஃப் போர்வீரர் எவ்வளவு வலுவுள்ளவராக இருந்தாலும் ஒன்பதாம் படிக்கு மேல் ஏற முடியாது. வரம்பைத் தொட்ட பிறகும் புள்ளியைப் பங்கிடுவது நிற்காது. ஏற முடியாத தொழிலுக்கும் பாதிப் புள்ளி போய்க்கொண்டே இருக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கணக்கு. ட்வார்ஃபுக்கும் எல்ஃபுக்கும் ஹாஃப்லிங்குக்கும் அந்த அட்டவணையில் உச்சவரம்பு இல்லாத தொழில் ஒன்றே ஒன்றுதான். திருட்டு.

அட்டவணையின் அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிந்த 1871-ஆம் ஆண்டுச் சட்டமும், அது 1952-ல்தான் முழுதாக ஒழிந்தது என்பதும் நினைவுக்கு வந்தன. லேக் ஜெனீவாக்காரருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ட்வார்ஃப் ஒரு சாதியுமல்ல. கற்பனைப் பிராணியை நம் மக்களோடு ஒப்பிட்டு ஆறுதல் தேடுவது எனக்குச் சம்மதமில்லை. நான் பார்ப்பது விதியின் வடிவத்தை. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, உழைப்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்கியது என்று அம்பேத்கர் 1936-ல் சுட்டிக்காட்டினாரே, அந்த வடிவம் ஒரு கட்டம் போட்ட தாளில் என்னமாய் ஒட்டிக்கொள்கிறது!

மனிதர்களுக்குச் சொன்ன பதில் வேறு. உனக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் இரண்டை ஒருசேரச் செய்யக்கூடாது. தொழில் மாறலாம். அதற்கும் தகுதி வேண்டும்: திறன்கள் 3 முதல் 18 வரையிலான எண்கள், விட்டுப் போகிற தொழிலுக்குரிய திறனில் 15, சேரப் போகிற தொழிலுக்குரிய திறனில் 17. அப்புறம் முதல் படியிலிருந்து தொடங்கு. உடம்பின் வலு மட்டும் உன்னோடு வரும். பழைய வித்தையைத் தொடாதே. மந்திரவாதியாக மாறின போர்வீரர் ஆபத்தில் வாளை எடுத்துவிட்டால் அந்தப் பயணத்துக்கு அனுபவப் புள்ளியே கிடையாது. புதிய தொழிலின் படி பழையதன் படியைத் தாண்டிய பிறகுதான் இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம்.

இந்த விதியை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே பட்டுத் தெரிந்தவன். இளங்கலை முதலாண்டில் ஒரு விடைத்தாளில், நடவைப் பற்றி எழுதும்போது எங்கம்மா வயலில் பேசுகிற மாதிரியே நாலு வரி எழுதிவிட்டேன். சிவப்பு மையில் அடித்து, "கொச்சை" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். வாளை எடுத்துவிட்டேன், புள்ளி போயிற்று. முதுகலை முடித்த பிறகு கருத்தரங்கில் அதே பேச்சைப் பேசினேன். வட்டார வழக்கில் நல்ல புலமை என்று கை தட்டினார்கள். புதிய படி பழைய படியைத் தாண்டிவிட்டது, அனுமதி வந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மாவின் பேச்சு மாறவே இல்லை. இடையில் மறந்த மாதிரி நடித்த ஆண்டுகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

"சமநிலைக்காகத்தானே இந்த விதி?" என்று அந்த மாணவரின் நண்பர் ஒருவர் வாதாடினார். நியாயமான வாதம்தான். எல்ஃபுக்கு இருட்டில் கண் தெரியும், இன்னும் பல வரங்கள் உண்டு. தடையே இல்லாவிட்டால் எல்லாரும் எல்ஃபாகவே ஆடுவார்கள். கைகாக்ஸும் தன்னுடைய உலகம் மனிதரை மையமாகக் கொண்டது என்று வெளிப்படையாகவே எழுதினார். எல்லாம் செய்கிற ஒரே ஆள் இருந்தால் கூட இருக்கிற மூன்று பேருக்கு வேலையில்லை என்பதும் உண்மை. ஆகவே இரண்டு தொழில் செய்கிறவர் ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது, அந்த விலையை எதிலிருந்து எடுப்பது என்பதை. பிறப்பிலிருந்தா, மறதியிலிருந்தா, செலவழித்த காலத்திலிருந்தா?

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு பதில் சொன்னது. அதற்குள் 26 ஆண்டுகள் போய்விட்டன. எந்த இனமும் எந்தத் தொழிலும் செய்யலாம். உச்சவரம்பு ஒழிந்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் இந்தப் படியை எந்தத் தொழிலில் வைப்பது என்று நீயே முடிவு செய். மூன்று படி போர், இரண்டு படி மந்திரம். கற்றது எதுவும் கையைவிட்டுப் போகாது. விலை உண்டு: மொத்தம் 20 படி என்றால், பத்தைப் போருக்குக் கொடுத்தவருக்கு மந்திரத்தின் கடைசி வாசல் திறக்காது. இந்த விலையில் எனக்குச் சண்டையில்லை. காலம் எல்லோருக்கும் ஒரே அளவுதான். என் காலத்தை நான் எங்கே செலவழித்தேனோ அங்கே என் கை பழகும்.

ஆனால் பழசு லேசில் போகுமா? அதே பதிப்பில் ஒவ்வொரு இனத்துக்கும் 'உகந்த தொழில்' என்று ஒன்றை எழுதி வைத்தார்கள். ட்வார்ஃபுக்குப் போர், எல்ஃபுக்கு மந்திரம். அதற்கு வெளியே இரண்டு தொழில்களை ஏற்றத்தாழ்வாக வளர்த்தால் புள்ளியில் 20 விழுக்காடு அபராதம். மனிதருக்கோ எது உயர்ந்திருக்கிறதோ அதுவே உகந்தது! பாலடின் என்கிற புனித வீரரின் கதை இன்னொன்று. 1978-ல் மனிதர் மட்டுமே அதுவாக முடியும். 2000-ல் யாரும் ஆகலாம். ஆனால் வேறு தொழிலில் ஒரு படி வைத்துவிட்டால் மறுபடி பாலடினாக உயர முடியாது. தீட்டு என்று அவர்கள் எழுதவில்லை. நமக்கு எழுத வேண்டிய தேவையும் இல்லை.

2014 பதிப்பில் அபராதம் இல்லை. இரு தொழிலுக்கும் உரிய திறனில் 13 இருந்தால் போதும். ஆனால் கலப்பே விருப்ப விதியாயிற்று. ஆட்டத்தை நடத்துபவர் இசைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2024-ல் இனம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு உயிரினம் என்று மாற்றினார்கள். திறன் கூடுவதைப் பிறப்பிலிருந்து பிரித்து, அந்தப் பாத்திரம் முன்பு வாழ்ந்த வாழ்க்கையோடு இணைத்தார்கள். அதாவது, பழைய வாழ்க்கை கழிக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. இப்போது கூட்டிக்கொள்ள வேண்டிய ஒன்றாக வந்திருக்கிறது. வரவேற்கிறேன்.

கற்பனை உலகத்தில் விதியை எழுதுகிறவர் கையை யாரும் பிடிக்கவில்லை. மழையை மேல்நோக்கிப் பெய்ய வைக்கலாம். அங்கேயும் யார் எதைக் கற்கலாம் என்று கேட்டதும் பிறப்பைத்தான் பார்த்தார்கள். அதே சமயம், ஆடியவர்கள் மேசைமேசையாக அந்த விதியை மீறி, அவரவர் வீட்டு விதி எழுதி ஆடித்தான் வந்திருக்கிறார்கள். அந்த மாணவரிடம், "உங்க மேசையில என்ன விதி?" என்று கேட்டேன்.

"யாரும் எதையும் கத்துக்கலாம்ணே. ஆனா யார்கிட்ட கத்துக்கிட்டோம்னு கதையில சொல்லணும்" என்றார்.

வாளைக் கொடுத்தவரின் பேரைச் சொல்லிவிட்டு மந்திரம் கற்கப் போகலாம் என்கிற விதி. நான் படித்த கல்லூரியில் அது இருந்ததில்லை.