குட்டி இளவரசன்: இரண்டாம் வாசிப்பு

அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ 1943இல் நியூயார்க்கில் வெளிவந்தது. பிரெஞ்சுக் கல்வி இன்றும் தொடரும் புதுச்சேரியில் அதை மூலத்திலேயே படிப்பவர்கள் உண்டு, வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்த தமிழாக்கமும் இருக்கிறது. சிறுவயதில் மனத்தில் நிற்பது யானையை விழுங்கிய மலைப்பாம்பு. சமர்ப்பணப் பக்கத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். வளர்ந்தவருக்கோ அந்தப் பக்கமே கனக்கிறது: புத்தகம் சமர்ப்பிக்கப்பட்ட லெயோன் வெர்த் என்ற யூத நண்பர், ஜெர்மானியர் பிடித்திருந்த பிரான்சில் அப்போது ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார். இளவரசன் தன் சிறு கிரகத்தில் பாவோபாப் மர முளைகளை நாள்தோறும் பிடுங்கும் வேலையும் விளையாட்டாகத் தோன்றாது. நாஜிசமே அந்த முளை என்று வாசிப்பவர்கள் உண்டு. 1944 ஜூலை 31 அன்று ஆசிரியர் விமானத்தோடு காணாமற்போனார் என்பதை அறிந்தபின், இளவரசன் விடைபெறும் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடிவதில்லை.