'ஆம்' போட்டுவிட்டால் போதுமா?

முப்பது வயதைத் தாண்டி பிரெஞ்சு வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுபவனுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஒரு இறந்தகாலத்துக்கு எதுக்கு இத்தனை வடிவம்? பேச்சுக்கு ஒன்று, நாவலுக்கு ஒன்று, வழக்கமாக நடந்துவந்ததற்கு ஒன்று. அதையெல்லாம் எப்படியோ விழுங்கிவிட்டேன். என்னை நிறுத்திவைத்தது கோந்திசியோனெல்.

எதிர்காலத்தின் அடிச்சொல்லில் இறந்தகால விகுதியை ஒட்டினால் கிடைக்கும் விநோதப் பிறவி இது. 'காசு இருந்தால் வாங்குவேன்' மாதிரி வாக்கியங்களுக்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். செய்தித்தாளில் இதற்கு வேறு உத்தியோகம். 'லு மினிஸ்த்ர் அ தெமிசியோனே' என்றால் அமைச்சர் பதவி விலகிவிட்டார். அந்த 'அ' இருக்கும் இடத்தில் 'ஓரெ' வந்தால், விலகிவிட்டாராம்.

அட, நம்ம 'ஆம்'!

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. நம் வீட்டுக் குழந்தைகள் 'நான் டீச்சராம், நீ ஸ்டூடண்டாம்' என்று விளையாடுகிற இடத்தில் பிரெஞ்சுக் குழந்தைகளும் கோந்திசியோனெல்லைத்தான் போடுகிறார்கள். வதந்திக்கும் பாவனைக்கும் ஒரே இலக்கணம். ஆனால் 'பெரிய யோக்கியனாம்' என்று நாம் உதட்டைச் சுழிக்கிறோமே, அந்த நக்கல் செய்தித்தாள் 'ஓரெ'யில் கிடையாது. அது முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ளும்.

சரி, 'ஆம்' போட்டவனுக்குப் பொறுப்பு உண்டா? நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொன்னேன், அதையும் ஒளிக்காமல் சொன்னேன். இதைவிட நேர்மையாக எப்படிப் பேசுவது? எனக்கு இந்த வாதம் பிடிக்கும். கண்ணால் கண்டதை மட்டும்தான் பேசலாம் என்றால் பாதி உலகம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரெஞ்சுச் சட்டம் இதை ஏற்பதில்லை. 1881-ஆம் ஆண்டு பத்திரிகைச் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி, ஒருவரின் மானத்தைக் கெடுக்கும் குற்றச்சாட்டைச் சந்தேகத் தொனியில் வெளியிட்டாலும் அவதூறுதான். இலக்கணம் திறந்துவிட்ட கதவைச் சட்டம் சாத்துகிறது.

நான் சட்டத்தின் பக்கம். காரணம் என் தொழிலில் தினமும் பார்ப்பது: ஒரு தகவலை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும்போது முதலில் உதிர்வது அதன்மேல் ஒட்டியிருக்கும் குறிப்புத்தான். ஒரு அலுவலகத்தில் காலை காபி நேரத்தில் 'அந்தப் பொண்ணு போலி சர்டிஃபிகேட் குடுத்துட்டாளாம்' என்று ஒருவர் சொன்னார். மதியச் சாப்பாட்டின்போது அது 'குடுத்துட்டா' ஆகியிருந்தது. காலையில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. மதியம் சொன்னவரும் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு விகுதி விழுந்திருந்தது, அவ்வளவுதான். 'ஆம்' சொல்பவனுக்குத்தான் கவசம். சொல்லப்படுகிறவளுக்கு அதில் ஒரு நூல்கூட இல்லை. மறுநாள் அவள் வந்து உட்கார்ந்தபோது அந்த மேசையில் எல்லாருக்கும் திடீரென்று வேலை இருந்தது.