தலையாட்டல்

2004இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் வகுப்புக்கு லெஸ்லி லாம்போர்ட்டின் ‘பகுதிநேர நாடாளுமன்றம்’ என்ற கட்டுரையைப் படித்துவரச் சொன்னார்கள். 1998இல் வெளியானது. பல கணினிகளில் சில இடையே நின்றுபோனாலும் மற்றவை எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்பதுதான் விஷயம். கட்டுரையிலோ பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவு, அவைக்கு வருவதும் போவதுமாய் உறுப்பினர்கள், செய்தியைத் தொலைக்கும் தூதர்கள், கிரேக்க எழுத்தில் பெயர்கள். இவற்றுக்கு நடுவே கணிதம்.

மூன்று முறை படித்தேன். சொற்கள் தெரிந்தன, வாக்கியம் முடியும்போது கையில் ஒன்றும் நிற்கவில்லை. குறை என் ஆங்கிலத்தில் என்று நினைத்தேன். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவனுக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் தயாராக இருக்கும்.

நைஜீரியாவிலிருந்து வந்த நண்பன் நூலகப் படிக்கட்டில் வைத்துக் கேட்டான்: “உனக்குப் புரிந்ததா?”

“ஓரளவு” என்றேன். வகுப்பிலும் தலையாட்டினேன். எல்லோரும் ஆட்டினார்கள். இரண்டு வாரத்தில் அவன் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறினான். “எனக்கு இதற்கான மூளை இல்லை” என்றான். நான் மறுத்துப் பேசவில்லை.

இது பொய்தான் என்று வெகுநாள் எனக்குத் தோன்றவில்லை. மானத்தைக் காக்கும் சின்ன நடிப்பு, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவன் தன்னை மந்தன் என்று முடிவுகட்டியது எங்கள் தலைகளைப் பார்த்துத்தான். அவன் தர்க்கத்தில் பிழையில்லை. நாங்கள் கொடுத்த சாட்சியம்தான் பொய்.

பழியை எழுதியவர்மேல் போடலாமா? ‘மயங்க வைத்தல்’ நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. ஆனால் லாம்போர்ட் ஏமாற்றுக்காரர் அல்லர். உள்ளே சரக்கு இருந்தது. தீவும் தூதர்களும் அவருடைய வேடிக்கை. 2001இல் அதையே எளிமையாக மறுபடி எழுதினார். அதையும் நான் ஒரே மூச்சில் தாண்டவில்லை. விஷயமே கடினம். கடினமான எழுத்து வேறு, மயக்கும் எழுத்து வேறு. எது எது என்பதைக் கேள்வி கேட்டவன்தான் கண்டுபிடிக்க முடியும். தலையாட்டியவனுக்கு இரண்டும் ஒரே இருட்டு.

2014இல் டியேகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும் ‘ராஃப்ட்’ கட்டுரையை வெளியிட்டார்கள். புரிய வேண்டும் என்பதையே வடிவமைப்பின் இலக்காக வைத்தது அது. இரண்டு பல்கலைக்கழகங்களின் 43 மாணவர்களுக்கு இரண்டையும் கற்பித்துச் சோதித்ததில், 33 பேர் ராஃப்ட் பற்றிய கேள்விகளுக்கே மேலாகப் பதில் சொன்னார்களாம். அதைவிட என்னை நிறுத்தியது பாக்ஸோஸைப் பற்றிய பகுதி. பாக்ஸோஸை முழுதாகப் புரிந்துகொள்ளத் தங்களுக்கே ஏறத்தாழ ஓராண்டு ஆனது என்று எழுதியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்துகொண்டு!

வேலை நேரம்தான். அந்தப் பக்கத்தை நண்பனுக்கு அனுப்பி, “அன்று எனக்கும் புரியவில்லை” என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “அன்றே சொல்லியிருக்கலாமே.”

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.