பாபம் அறியாப் பற்கள்

கல்கத்தாவின் தென்பகுதியில், ஆதி கங்கை என்று வழங்கும் பழைய நீரோட்டத்தின் ஓரமாக அமைந்த அலிப்பூர், சமய சிந்தனை உடையவர்களை ஒரு கடினமான வினாவின் முன் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய இடம். 1876-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மிருகக்காட்சிசாலையில் வங்கத்துப் புலி தன் பங்கு மாமிசத்தை உண்டு உலவுகிறது; நீரோட்டத்தின் மறுகரையில், காளிகட்டத்து அன்னையின் சந்நிதியில் ஆட்டுப்பலி இன்றும் நடந்துவருகிறது; இவ்விரண்டுக்கும் அணித்தாக இருந்த சிறையிலே, 1908 மே முதல் ஓராண்டுக் காலம் விசாரணைக் கைதியாக அடைபட்டிருந்த அரவிந்தர், கீதையில் ஆழ்ந்து, மதிற்சுவரிலும் மரத்திலும் உடனிருந்த கைதிகளிடத்தும் வாசுதேவனையே கண்டதாக விடுதலைக்குப் பின் உத்தரபாராவில் உரைத்தார். எல்லாம் வாசுதேவனே என்றால், மானின் கழுத்தில் பதியும் பல்லும் அவன்தானா? அங்ஙனமாயின், அகிம்சையே மேலான தர்மம் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவது எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவுக்குப் புலியை மட்டும் சாட்சியாக அழைத்தல் போதாது. ஏனெனில் புலி மனிதனோடு ஒரே காலத்தில் வாழ்வது; அதன் கொடுமையையும் கலியின் கோலத்தோடு சேர்த்துப் பேசித் தப்பித்துக்கொள்ள இடமுண்டு. மனிதன் என்ற பெயரே தோன்றாத காலத்தின் சாட்சிகள் பூமிக்கடியில் இருக்கின்றன. ஜபல்பூரில் மாட்லி என்பார் தோண்டி எடுத்த எலும்புகளை ஆராய்ந்து, அவரும் ஜெர்மானிய அறிஞர் ஃபான் ஹியூனேயும் 1933-இல் இந்தோசூக்கஸ், இந்தோசாரஸ் என்னும் மாமிசபட்சிணி டைனோசர்களை உலகுக்கு அறிவித்தனர். கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்தோர் குஜராத்தில், பாலாசினோரை அடுத்த ரஹியோலியில், 1980-களின் முற்பகுதியில் திரட்டிய எலும்புகளோ, 2003-இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் பெற்றன. நெற்றியில் ஒரு குட்டைக் கொம்பு, இரு வலிய பின்கால்களில் நிமிர்ந்த நடை, ஆறேழு மீட்டருக்குக் குறையாத நீளம். இத்தகைய வேட்டைப் பிராணி, சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், தக்காணத்து எரிமலைகள் கனன்ற காலத்தில், பேருருவத் தாவரபட்சிணிகள் முட்டையிட்டுப் பெருகிய அந்நிலத்தில் உலவியது. அதே குஜராத்தில் கிடைத்து, 2010-இல் விவரிக்கப்பட்ட மற்றொரு பாறையில், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த டைனோசர்க் குஞ்சின் அருகே, மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பொன்று முட்டையைச் சுற்றி வளைத்தபடியே கல்லாகிக் கிடக்கிறது. அந்தக் குஞ்சு எந்த மனிதனின் பாபத்துக்காகத் தண்டனை பெற்றது?

கொன்று தின்ற உயிரேனும் சுகமாக வாழ்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ராஜாசாரஸுக்கு நெருங்கிய உறவாகிய மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் தன் இனத்தையே தின்றது என்பதற்கு, அவ்வினத்தின் எலும்புகளிலேயே அவ்வினத்தின் பல்தடங்கள் சான்றாக உள்ளன. அமெரிக்காவின் வயோமிங்கில் 1991-இல் கண்டெடுக்கப்பட்டு, ‘பிக் அல்’ என்று செல்லப்பெயர் பெற்ற அலோசாரஸின் உடலில், முறிந்தும் சீழ்பிடித்தும் இருந்த எலும்புகள் பத்தொன்பது. முழு வளர்ச்சி எய்துமுன்பே அது இறந்தது. பன்னிரண்டு மீட்டர் நீளம் வளர்ந்த டைரனோசாரஸ் ரெக்ஸ்கூட, இன்று நாம் அறிந்தவரை, சில பத்தாண்டுகளுக்குமேல் வாழ்ந்ததில்லை. இரையின் துன்பத்தை மட்டும் எண்ணி இரங்குவோர், இரையைத் தேடும் பசியும், தேடிப் பெறாத நாளின் வேதனையும், எதிர்த்துப் போராடிய இரையால் முறிந்த விலாவும் துன்பமே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நம் மரபில் விடை இல்லாமல் இல்லை. உயிர்கள் அநாதி, அவற்றின் வினையும் அநாதி, ஆகவே மனிதன் தோன்றுமுன் நிகழ்ந்த துன்பத்துக்கும் முன்வினையே காரணம் என்பர் சித்தாந்திகள். தர்க்கத்தில் இதனைப் பழுது சொல்ல இயலாது எனினும், துன்புறும் உயிரை நோக்கி உன் கணக்கு இவ்வளவே என்று சொல்லிவிட்டு நகர்வதில் கருணை குறைகிறது. எல்லாம் ஈசனின் லீலை என்பாரும் உளர். விளையாடுவோனுக்கு லீலையாக இருப்பது கடிபடுவோனுக்கு லீலையாக இல்லையே என்ற மறுப்புக்கு அவர்கள் விடை கூறியாக வேண்டும். புதுச்சேரிக்கு வந்தபின் அரவிந்தர் 1916 முதல் கீதையைக் குறித்து எழுதிய கட்டுரைகளில், அழிப்பவனையும் இறைவனாகவே நேர்நின்று காணும் துணிவு வேண்டும், இனிய முகத்தை மட்டும் தெய்வம் என்று கொள்வது பாதிப் பார்வை என்ற கருத்தை நிறுவினார். காளியின் மாலையிலுள்ள தலைகளையும், அபயம் காட்டும் கரத்தையும் ஒருங்கே வணங்கும் வங்கத்துக்கு அது புதிதன்று. இவ்விடைகளுள் இதுவே நேர்மையானது. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால், கொல்வதும் தெய்வீகமே என்று ஒருவன் கத்தியை எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே கொடுமை வேறு, குற்றம் வேறு என்று பிரித்தறிதல் அவசியமாகிறது. விலகி நிற்கக்கூடிய ஓர் உயிர் விலகாது நிற்பதே பாபம். விலகி நிற்கும் ஆற்றலே இல்லாத உயிருக்குப் பாபமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ராஜாசாரஸின் பல் வாளைப்போல் கூரியதாயினும், அதன் பின்னே வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் விவேகம் இருந்ததாகச் சொல்ல இடமில்லை. அன்றியும், நம் அரியலூர்க் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸ் என்னும் மாபெரும் பிராணியை 1980-களில் விவரித்தோர் முதலில் மாமிசபட்சிணிகளோடு சேர்த்தெண்ணினர். பின்வந்தோர் அது தழை தின்று வாழ்ந்தது என்று கண்டனர். எது எதைத் தின்றது என்று சொல்வதிலேயே இவ்வாறு தடுமாறும் நாம், அவற்றின்மேல் பாபம் சுமத்தத் தகுதியுடையோம் அல்லோம்.

காலமும் அவ்வாறு சுமத்தவில்லை. மாமிசபட்சிணி டைனோசர்களுள் சிறு வடிவினவாகிய ஒரு கிளையிலிருந்தே பறவைகள் தோன்றின. மற்றவை யாவும் மாய்ந்தபோதும் அக்கிளை பிழைத்தது. குளிர்காலத்தில் அலிப்பூர் ஏரியில் வந்திறங்கும் நீர்ப்பறவைகளும், அமாவாசை தோறும் பித்ருக்களை எண்ணி நாம் முதற்சோறு வைக்கும் காகமும் அந்தக் குலத்துச் சந்ததியே. அன்னமிடும் கையும், அதனை ஏற்கும் அலகும் ஒன்றையொன்று அஞ்சாது சந்திக்கும் அளவுக்குச் சிருஷ்டி நடந்துவந்திருக்கிறது என்றால், ஆதியிலே இருந்த கொடுமையே அதன் இறுதிச் சொல் என்று கொள்வதற்குக் காரணமில்லை.

அகிம்சையை இயற்கையின் சட்டம் என்று எண்ணுவதாலேயே நாம் இயற்கையைக் கண்டு அதிர்ச்சியடைகிறோம். வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தது, அவை இயல்பாக வாய்ப்பன அல்ல, முயன்று ஏற்கவேண்டிய விரதங்கள் என்பதை உணர்ந்தே போலும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பல்லும் நகமும் அறியாத ஒன்றை, உண்ணாதொழியவும் கொல்லாதொழியவும் வல்ல உரிமையை, இப்பூமியில் மானிடப் பிறவி பெற்றிருக்கிறது. அவ்வுரிமையைப் பெற்ற பின்னும், விலங்கும் இதைத்தானே செய்தது என்று சாக்குச் சொல்லுகிறவன் விலங்கினும் தாழ்ந்தவன். ஏனெனில் விலங்குக்கு அந்தச் சாக்கே தேவைப்படவில்லை.