ஏட்டை மூடி வைத்தல்

கற்றதைப் பிறர்க்கு வழங்குதல் கடமையா, கொடையா? வழங்காதிருத்தல் குற்றமா, அன்றி வெறும் முன்னெச்சரிக்கைதானா? கல்லூரியில் பயிலும் என் மகள் சென்ற மாதம் இவ்வினாவை வேறு சொற்களில் எழுப்பினாள். தாராவித் தொண்ணூறடிச் சாலையிலிருந்து வரும் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, அவள் எழுதிவைத்த பாடக் குறிப்புகளைக் கேட்டிருக்கிறாள். "கொடுத்தால் அவள் என்னை முந்திவிடுவாளே, அப்பா?" என்றாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் முன்னோர் இதனை எண்ணாமல் விட்டாரில்லை. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர், யார் யார்க்குப் பாடம் சொல்லலாம் என ஒரு வரிசையே வகுத்துள்ளார். தன் புதல்வனும் தன் ஆசிரியரின் புதல்வனும் அதில் உளர், அரசகுமாரன் உளன், பொருளை அள்ளித் தருபவனும், பணிந்து நடப்பவனும், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் திறனுடையவனும் உளர். ஓலைச் சுவடிக் காலத்தில் இதற்கொரு நியாயம் இருந்திருக்கலாம். ஒரு சுவடியைப் படியெடுக்கப் பல நாள் கை நோக வேண்டும். ஓர் ஆசான் எதிரே சிலரே அமர முடியும். சோறு அளவாக இருந்தால் பந்தியும் அளவாகத்தானே இருக்கும்? ஆனால் படியெடுக்கும் செலவு ஏறக்குறைய இல்லையென்றே ஆகிவிட்ட இந்நாளில் அவ்வரம்பு எதன்மேல் நிற்கும்?

வரம்பைக் கடந்தோர் நம்மவரிலேயே உளர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது நம் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் இட்டனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரை அறிந்த ஈழத் தமிழர், 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர்.

கல்லூரிப் பாடத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. நம் பவாயிலுள்ள ஐ.ஐ.டி. போதும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில், கணினிப் பாடங்கள் ஏறத்தாழப் பத்து நிமிடத் துண்டுகளாகத் தமிழ்க் குரலிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதே இடத்து 'ஃபாஸி' திட்டத்தில் இன்னொரு வழக்கத்தை ஏற்படுத்தினர். மாணவர் ஒரு பாடநூலை எடுத்துக்கொண்டு, அதில் விடையுடன் உள்ள கணக்குகளை 'சைலாப்' என்னும் இலவச மென்பொருளில் எழுதித் தருவர். அது சரிபார்க்கப்பட்டு, எழுதியவர் பெயரோடு எல்லார்க்கும் பொதுவாக வெளிவரும்; மதிப்பூதியமும் வழங்கப்பட்டதுண்டு. மாணவன் செய்யும் வீட்டுப்பாடம் மதிப்பெண் வாங்கியதும் ரத்திக் கடைக்குப் போவதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். இங்கே அது அடுத்து வருபவனுக்குப் பாடமாகிறது. எனக்கு இத்திட்டத்தில் மிகப் பிடித்தது இதுவே.

இலவசம் என்றால் எழுதியவன் பட்டினி கிடப்பதா என்பார் உளர். நியாயமான கேள்வி. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றபோது, குடும்பத்தார்க்குத் தொகை கொடுத்தே பெற்றது. பின்னரே அவை பொதுவுடைமையாயின. கொடுப்பவன் வயிற்றையும் எண்ணிச் செய்ய இயலும் என்பதற்கு இது சான்று.

இனி, நான் தயங்கிய காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன், தாராவியில் ஒரே சந்தில் நானும் ஒரு நண்பனும் மத்திய அரசுத் தேர்வுக்குப் படித்தோம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பழைய புத்தகங்களை ஆளுக்குப் பாதி விலை போட்டு வாங்கினோம். கணக்குகளைச் சுருக்கமாகப் போடும் வழிகளை நான் ஓர் ஏட்டில் தொகுத்திருந்தேன். தேர்வுக்குப் பத்து நாள் முன் அவன் அதைக் கேட்டான். தொலைந்துவிட்டது என்றேன். ஏடு அப்போது என் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் தேறினேன், அவன் தேறவில்லை.

கொடுத்திருந்தாலும் அவன் தேறியிருக்கமாட்டான் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். அவன் தேறி நான் வெளியே நின்றிருக்கவும் கூடும். இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, என் மகளின் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் குறைவாக இருந்தது நாற்காலிதான்; கணக்கு அன்று. நாற்காலிக்கு அஞ்சிக் கணக்கைப் பூட்டினேன். அவன் உழைப்பால் என்னை வெல்லும் வாய்ப்பைப் பொய்யால் பறித்தேன் என்பதை இன்று மறைத்துப் பயனில்லை.

இதை மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தன் குறிப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். நான்கு நாள் கழித்து, அதில் இருந்த ஒரு பிழையைச் சுட்டி, விட்டுப்போன இரண்டு கணக்குகளையும் எழுதிச் சேர்த்து அத்தோழி திருப்பி அனுப்பினாள்.

என் பழைய ஏடு அண்டாப் ஹில் குடியிருப்பில், எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நண்பன் சயானில் கடை வைத்திருக்கிறான். சங்கத்துப் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் சந்திக்கிறோம். அந்த ஏட்டைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.