மூடிய கம்பி

ஜேடர்பாளையத்தில் காவிரியைப் பார்க்கப் போகிறவர்கள் படுகை அணையையும், அங்கிருந்து பிரிந்து போகும் ராஜா வாய்க்காலையும் பார்த்துத் திருப்தியடைவார்கள். வாய்க்காலில் ஓடும் தண்ணீரே அணைக்குச் சாட்சி. வீட்டுத் தளத்துக்கு அப்படிச் சாட்சி சொல்ல எதுவும் இல்லை. கம்பியைக் கான்கிரீட் மூடும்போது, கட்டியவரின் யோக்கியதையும் சேர்ந்தே மூடப்பட்டுவிடுகிறது. அப்புறம் நாம் நம்பலாம், அல்லது சந்தேகப்படலாம். நான் சந்தேகப்பட்டேன்.

அந்த ஊரில் 20 வருஷங்களுக்கு முன் ஒரு மேஸ்திரி எனக்கு வீடு கட்டிக் கொடுத்தார். கம்பியில் கொஞ்சம் வெளியே போய்விட்டது என்று யாரோ என் காதில் போட்டார்கள். கடைசித் தவணைக் கூலியை நிறுத்திக்கொண்டேன். இரண்டு முறை வந்து கேட்டார்; மூன்றாம் முறை வரவில்லை. சில வருஷங்களில் காலமாகிவிட்டார். சென்ற ஆண்டு கூடத்தில் மேலிருந்து காரை பெயர்ந்து விழுந்தபோது, "நான் அன்றைக்கே சொல்லவில்லையா?" என்று வீட்டாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

பார்வையிட வந்த இன்ஜினீயர், கைக்கு அடக்கமான ஒரு கருவியைத் தளத்தின் அடிப்பக்கத்தில் மெல்ல நகர்த்தினார். அதற்குள் ஒரு கம்பிச் சுருள். அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம் சுற்றிலும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. ஜல்லியும் சிமெண்டும் அதைப் பெரிதாகக் கலைப்பதில்லை. இரும்பு எதிர்ப்பட்டால் புலம் மாறுகிறது. இரும்புக்குள்ளும் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மாறுதலைச் சுருள் உணர்ந்துகொள்கிறது. 1831-ல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தத்துவந்தான். கம்பி இருக்கும் இடமும், மில்லிமீட்டர் கணக்கில் அதன் ஆழமும் தெரிந்துவிடுகின்றன. ஆனால் ஆழத்திலுள்ள தடித்த கம்பியும், மேலாக உள்ள மெல்லிய கம்பியும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆகவே ஓரிடத்தில் கொத்திப் பார்த்துக் கனத்தை உறுதி செய்துகொண்டார்.

கம்பி அத்தனையும் இருந்தது! வரைபடத்தில் கண்டபடி, ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்தது வேறொன்று. தளத்துக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும். பல இடங்களில் ஆறும் ஏழுந்தான் இருந்தது. கான்கிரீட்டின் காரத்தன்மையே இரும்பைக் காக்கிறது. அந்தப் போர்வை மெலிந்தால், காற்றிலுள்ள கரியமில வாயு சீக்கிரமே உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்துவிடுகிறது. பிறகு ஈரம் பட்டுத் துருவேறுகிறது. துரு பருத்துக் காரையைத் தள்ளிவிடுகிறது.

கம்பி பலகையில் படியாமல் இருக்க, அடியில் சிறு சிமெண்டுக் கட்டைகள் வைப்பது வழக்கம். "கட்டை வார்த்து நாலு நாள் காயட்டுமுங்க" என்று மேஸ்திரி கெஞ்சியதும், "முகூர்த்தம் தவறிவிடும், நாளைக்கே தளம் போட்டாக வேண்டும்" என்று நான் அதட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

நிறுத்திய கூலியை வட்டியோடு எடுத்துக்கொண்டு அவர் மகனிடம் போனேன். அவன் எண்ணிப் பார்க்கவில்லை. "பணம் கெடக்குதுங்க. அப்பன் கம்பி எடுக்கலைன்னு ஊருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றான்.

சந்தேகப்பட எனக்கு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை; நம்புவதற்கு மட்டும் ஒரு கருவி வேண்டியிருந்தது. யோசிக்க யோசிக்க, எளியவர்கள் விஷயத்தில் நம்மில் பலருடைய நியாயம் இதுதான் என்று தோன்றுகிறது.

ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியவர் காதில் மட்டும் அது விழப்போவதில்லை.