வணங்காதவனும் அண்டை வீட்டானும்

அரசியல் சட்டம் அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்காக எழுதப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரனின் கையை அது கட்டுவதில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் (1791) காங்கிரஸ் எவ்வகைச் சட்டங்களை இயற்றலாகாது என்று மட்டுமே சொல்கிறது. குடிமகன் இன்னொரு குடிமகனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இந்த மௌனத்தை வெகுநாள் நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. சுதந்திரம் பற்றிய முக்கியமான கேள்வியே இந்த மௌனத்தில்தான் தொடங்குகிறது என்று இப்போது எனக்குப் படுகிறது.

1935இல் பென்ஸில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், ஒரு அக்காளும் தம்பியும் பள்ளியில் காலை வேளையில் கொடி வணக்கம் செய்ய மறுத்தார்கள். அவளுக்கு வயது 12, அவனுக்கு 10. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பம். கடவுளைத் தவிர எதை வணங்கினாலும் அது விக்கிரக ஆராதனை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நாளைய வணக்கம் வலது கையைக் கொடியை நோக்கி நீட்டிச் செய்வது. ஹிட்லருக்குச் செய்யப்பட்ட வணக்கத்துக்கும் இதற்கும் பார்வைக்கு அதிக வித்தியாசமில்லை. (1942 டிசம்பரில்தான் காங்கிரஸ் அதை, கையை நெஞ்சில் வைத்துச் செய்வதாக மாற்றியது.) பள்ளி இருவரையும் வெளியேற்றியது. கீழ்க்கோர்ட்டுகள் இரண்டும் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. சுப்ரீம் கோர்ட் 1940 ஜூன் 3இல், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பள்ளியின் பக்கம் நின்றது. டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பிக்கொண்டிருந்த வாரம் அது. கோர்ட்டுப் பதிவேட்டில் அவர்கள் குடும்பப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகிப்போய், கோபிடாஸ் என்பது கோபிடிஸ் ஆயிற்று. அந்தத் தவறான பெயரில்தான் வழக்கு இன்றும் அறியப்படுகிறது. பேரேடு எழுதிப் பழகியவன் என்பதால் இந்த விவரம் என்னை விட்டுப் போவதில்லை.

தீர்ப்பை எழுதியவர் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். சிறுவயதில் வியன்னாவிலிருந்து குடியேறிய யூதர். தேச ஒற்றுமையைப் பள்ளியில் எப்படி வளர்ப்பது என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கலாகாது, மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த சபைகளுமே தீர்மானிக்க வேண்டும் என்றார்.

மக்கள் தீர்மானித்தார்கள். அந்த மாதமே மேய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் சாட்சிகளின் கூடம் ஒரு கும்பலால் எரிக்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ரிச்வுட் என்ற ஊரில் சாட்சிகளைப் பிடித்து, விளக்கெண்ணெய் குடிக்கவைத்து, ஊர்வலமாக நடத்திச் சென்றார்கள். முன்நின்றவன் ஒரு உதவி ஷெரீஃப். கூட நின்றவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் அரக்கர்கள் அல்ல. மற்ற நாட்களில் கடை வைத்திருப்பவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். சுப்ரீம் கோர்ட் அவர்களிடம் எதையும் எரிக்கச் சொல்லவில்லை. தாங்கள் பெரும்பான்மை என்பதை மட்டும் அது அவர்களுக்கு உறுதிப்படுத்தியது.

மூன்றே வருஷத்தில் கோர்ட் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டது. மேற்கு வர்ஜீனியாவின் கல்வி வாரியத்துக்கு எதிராக பார்னெட் குடும்பம் தொடுத்த வழக்கில் 1943 ஜூன் 14 அன்று, அந்நாட்டின் கொடி நாளன்றே, ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் ராபர்ட் ஜாக்ஸன். பின்னால் நூரம்பர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். கட்டாயத்தால் வரும் ஒருமித்த கருத்து மயானத்தின் ஒருமைதான் என்பது அவர் வாதத்தின் சாரம். எதை நம்ப வேண்டும் என்று விதிக்கும் உரிமை பெரிய அதிகாரிக்கும் இல்லை, சிறிய அதிகாரிக்கும் இல்லை என்றார்.

சிறிய அதிகாரி என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். மைனர்ஸ்வில்லில் பிள்ளைகளை வெளியேற்றியது ஜனாதிபதி அல்ல. ஒரு பள்ளி நிர்வாகி. கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் அந்த ஜாதிதான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு கிழவியைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு எனக்கும் அதிகாரம் உண்டு.

ஜாக்ஸனின் தீர்ப்பைப் போற்றுவது சுலபம். தோற்றுப்போன ஃபிராங்க்ஃபர்ட்டரின் கேள்வியைத் தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமில்லை. தப்பான சட்டத்தைத் தாங்களே விவாதித்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சி இல்லாத ஜனங்களை நீதிபதிகள் எத்தனை முறைதான் காப்பாற்ற முடியும்? 1944 மே மாதம் நியூயார்க்கின் ஸென்ட்ரல் பார்க்கில் புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களிடையே பேசிய நீதிபதி லேர்னட் ஹாண்டும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: சுதந்திரம் மனிதர்களின் உள்ளத்தில் செத்துப்போனால், எந்த அரசியல் சட்டமும் எந்தக் கோர்ட்டும் அதைப் பிழைக்கவைக்காது. 2016இல் காலின் கேப்பர்நிக் என்ற கால்பந்து வீரர், கறுப்பர்கள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து, தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். எந்தச் சட்டமும் அவரைத் தண்டிக்கவில்லை. 2017க்குப் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவுமில்லை. அணிகள் தனியார் ஸ்தாபனங்கள். முதல் திருத்தம் அவற்றின் வாசலோடு நின்றுவிடுகிறது.

இந்த வழக்குகளை நான் தேடிப் படிக்க நேர்ந்தது வேறு காரணத்தால். 1986 ஆகஸ்டில் நம் சுப்ரீம் கோர்ட், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாதிருந்த கேரளத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியது தவறு என்றது. அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். அதே கோர்ட் 2016 நவம்பரில் சினிமா தியேட்டர்களில் கீதம் இசைக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 ஜனவரியில், இசைப்பது கட்டாயமில்லை என்று மாற்றிக்கொண்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட 2017இல் ஒரு மாலைக் காட்சி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் எழுந்திருக்கவில்லை. கீதம் முடிந்ததும் யாரோ ஒருவன் அவரை நோக்கிக் கத்தினான். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு எனக்கு உரிமை இல்லையா? அவர் உட்கார்ந்தது அவர் சுதந்திரம் என்றால், அது எனக்குப் பிடிக்காமல் போனது என் சுதந்திரமல்லவா? தர்க்கப்படி இதில் பிழை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இது மறைத்துவிடுகிறது. மறுப்பவனிடம் காரணம் சொல்லி வாதாடுவது வேறு. மறுப்புக்கு விலை வாங்குவது வேறு. வாதாடும்போது அவன் பதில் சொல்ல ஓர் இடம் மிஞ்சுகிறது. என் பார்வையில் காரணம் ஒன்றும் இல்லை. இருநூறு பார்வைகளோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். ரிச்வுட்டில் கூட நின்றவர்களில் பலர் இதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

குடிமைப் பொறுப்பு என்பதை வரி கட்டுவது, ஓட்டுப் போடுவது, எழுந்து நிற்பது என்று பட்டியலிட்டுப் பழகிவிட்டோம். இவை எல்லாம் அரசு நம்மிடம் கேட்பவை. அரசு கேட்க முடியாத பொறுப்பு ஒன்று இருக்கிறது: நான் நின்றுகொண்டிருக்கும்போது, எனக்கு உடன்பாடில்லாத காரணத்துக்காக ஒருவன் உட்கார்ந்திருப்பதைத் தாங்கிக்கொள்வது. அவனோடு சண்டை உண்டென்றால் காட்சி முடிந்து வெளியே வந்து, அவனுக்கும் பேச வாயிருக்கும் இடத்தில் போட்டுக்கொள்வது. இதைச் சட்டமாக்க முடியாது. ஆக்கினால் அதுவும் இன்னொரு வணக்கமாகிவிடும். முதல் திருத்தத்தின் மௌனத்துக்கு நான் கொள்ளும் அர்த்தம் இதுதான்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் நம்மைச் சிறுபான்மை என்று சொல்லிக்கொள்வதில் சந்தோஷப்படுகிறவர்கள். நம் பெரியவர்களில் ஒருவருக்கு எழுந்து நிற்காதவனை நாம் எப்படிப் பார்த்திருக்கிறோம் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். என் கணக்கில் இரண்டு வரிசை முன்னால் ஒரு காலி நாற்காலி இருக்கிறது.